காவலர்கள் ஏன் தடுக்கவில்லை?

கதை முடிந்ததும் பிள்ளைகளிடம் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டுவிடுகிறோம். எதிர்பார்த்த ஒரு வரிப் பதில் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் கதைமாந்தர்கள் எடுத்த முடிவுகள் எல்லாமே மறைந்துபோகின்றன. பிள்ளைகள் இயல்பாகவே விளைவை வைத்துத்தான் ஆளை அளக்கிறார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-இல் வெளியான நூலில், பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்த இரண்டு குட்டிக் கதைகளை விவரிக்கிறார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியாததால், அங்கிருந்த 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்கப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே காட்டினார்கள். ஆகவே கதையைப் பற்றிப் பேசும்போது முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் முதல் வேலை என்பேன். 'அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியும்? வேறு என்ன செய்திருக்கலாம்?' இந்த இரண்டு கேள்விகள் போதும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. புதிதாகப் பிழைக்க வழிதேடி மனைவி கண்ணகியின் சிலம்பை மதுரையில் விற்கப் போகிறான் கோவலன். உயிரே போய்விட்டது, ஆனால் விற்கப் போனது தப்பா? தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் இருந்த பாண்டிய மன்னன், தேவியின் சிலம்பைத் திருடியவன் கோவலன்தான் என்று ஒரு பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டதும் அவனைக் கொல்ல ஆணையிட்டுவிட்டான். இதைவிட ஆழமானது காவலர்களின் நிலை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்று அவர்களுக்கே தோன்றுகிறது. பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கிப் பேசுகிறான். அவர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவர்களில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகம் வந்தும் "அரசரிடம் இன்னொரு முறை கேட்போம்" என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை? வகுப்பில் ஒருவனை எல்லோரும் சேர்ந்து குற்றம் சாட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இப்படிக் காரணம் தேடினால் தவறு செய்தவனுக்குப் பரிந்து பேசப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்பது சிலரின் அச்சம். "பாவம், ராஜாவுக்குத் தெரியாதே" என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. சிலம்புக்குள் இருக்கும் பரல் என்ன என்று விசாரித்திருந்தாலே போதும்: தேவியுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். கேட்காமல் விட்டது அவன் எடுத்த முடிவு. எல்லாம் ஊழ்வினை என்று காப்பியமே சொல்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் உண்மை தெரிந்த கணத்தில் பாண்டியன் ஊழைக் காரணம் காட்டவில்லை. கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான்.

கண்ணகியிடம் வரும்போதுதான் பெரியவர்கள் தீர்ப்பு சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கணவன் கொல்லப்பட்ட கோபத்தில் மதுரையை எரிக்கச் சொன்னவள், முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீக்கடவுளிடம் சொல்கிறாள். அவளுடைய கோபம் நியாயமானது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், வீடு எரிந்துபோன குழந்தை அன்று ராத்திரி எங்கே தூங்கும் என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இளங்கோவடிகளின் காப்பியத்தில் பதில் இல்லை. பிள்ளையோடு சேர்ந்து நாமும் யோசிக்க வேண்டியதுதான்.