சோறும் மீனும் அங்கேயும் உண்டு

மண்டபத்தூர்க் கடற்கரையில் முதிய பெண்டிர் முதல் பள்ளிச் சிறார் வரை அனைவரும் அறிந்த ஜப்பானியச் சொல் ஒன்று உண்டு. அது 'சுனாமி'. 'சு' என்றால் துறை; 'நாமி' என்றால் அலை. 2004 டிசம்பர் 26க்கு முன் காரைக்கால் வட்டாரத்தில் அச்சொல்லை உச்சரித்தவர் மிகச் சிலரே இருந்திருப்பர். இன்றோ அது மொழிபெயர்ப்பு வேண்டாத சொல்லாகிவிட்டது.

அண்மை ஆண்டுகளில் வேறு சில ஜப்பானியச் சொற்களும் நம் வீடுகளுக்குள் நுழைகின்றன. இவை கடல் வழியே வந்தவை அல்ல. பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் வழியே வந்தவை. தொழில்திறன் பெற்ற அயல்நாட்டாருக்கென ஜப்பான் 2019 ஏப்ரலில் புதிய அனுமதி முறையொன்றைத் தொடங்கிற்று. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு, கட்டடப் பணி, மீன்பிடிப்பு எனப் பல துறைகளுக்கு அங்கே ஆள் வேண்டும். மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் தேறியவர் செல்லலாம்.

நமக்கு அறிமுகமான மண்டபத்தூர்க் குடும்பம் ஒன்றின் இளைய மகன் முதியோர் பராமரிப்புப் பணியை நாடிச் சென்னையில் ஜப்பானிய மொழி பயில்கிறான். தந்தையார் நாற்பது ஆண்டுகளாகக் கடலில் உழைப்பவர். மகன் போவதில் அவருக்குத் தடையில்லை. தாயாருக்கோ உறக்கமில்லை. "பச்சை மீனைத் தின்கிற ஊருக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது? அங்கே அவன் என்ன சாப்பிடுவான்?" என்பதே அவர் ஓயாமல் கேட்ட கேள்வி. அவ்வூரில் என்ன உண்கிறார்கள் என்பதை அவர் கண்ணாலேயே காணட்டும் என்று நாம் சொன்னோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன. மகனைப் பார்க்கச் சென்னைக்கு வந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒரு சிறிய ஜப்பானிய உணவகத்திற்குப் புறப்பட்டோம்.

சென்னைக்கு இத்தகைய உணவகங்கள் புதியன அல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அவற்றில் பணியாற்ற வந்த அந்நாட்டவருக்கென ஆங்காங்கே சிற்றுணவகங்கள் தோன்றின. நாம் சென்றதும் அவ்வகையே. வாயிலில் துணித் திரை. உள்ளே ஆறு மேசைகள். அடுப்பை எதிர்நோக்கிய பலகை ஒன்று. நாற்காலிகளோ நம் ஊர்த் தேநீர்க் கடையினும் எளியவை. பரிமாறியவர் மணிப்பூரைச் சேர்ந்த இளைஞர். அமர்ந்தவுடன் கை துடைக்கச் சூடான ஈரத் துணியைச் சுருட்டிக் கொடுத்தார். அந்த ஒன்றே தாயாரின் முகத்தைச் சற்றே மலரச் செய்தது.

பக்கத்து மேசையில் தனியே அமர்ந்திருந்த ஜப்பானியர் ஒருவர், தட்டு வந்ததும் இரு கைகளையும் குவித்து, 'இத்ததாக்கிமாஸ்' என்று மெல்லச் சொல்லிவிட்டு உண்ணத் தொடங்கினார். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள் என்று மகன் விளக்கினான். "சாப்பாட்டு செபமா?" என்றார் தாயார். செபம் என்று சொல்ல இயலாது. ஆயினும் அதற்கு அயலது என்றும் சொல்ல இயலாது.

'தேய்ஷோக்கு' எனப்படும் சாப்பாட்டை வரவழைத்தோம். கிண்ணம் நிறையச் சோறு, ஒரு சாறு, பொரித்ததோ சுட்டதோ ஒரு மீன், சிறிது ஊறுகாய். நம் சாப்பாட்டின் அமைப்பேதான். சோற்றைத் தொட்டுப் பார்த்த தாயார், "குழைய விட்டுவிட்டார்களே" என்றார். டெல்டாவில் பிறந்து பொன்னி அரிசியில் வளர்ந்தவருக்கு அவ்வாறுதான் தோன்றும். அது குழைந்த சோறன்று. குட்டையான, ஒட்டும் இயல்புள்ள அரிசி. ஒட்டினால்தான் குச்சியால் எடுக்க இயலும். அக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கலாகாது; நீத்தாருக்குப் படைக்கும் சோற்றில்தான் அங்கே அவ்வாறு நடுவார்கள். இதை மகன் சொன்னதும் தந்தையார் தம் குச்சிகளை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையால் உண்ணத் தொடங்கினார். எவரும் முகம் சுளிக்கவில்லை.

மீன் வந்தது. உப்பிட்டு நெருப்பில் சுட்ட 'சபா'. தந்தையார் அதைத் திருப்பிப் பார்த்தார்; முதுகின் வரியைப் பார்த்தார். "நம்ம காணாங்கெளுத்திக்குச் சொந்தக்காரனப்பா இது" என்றார். உண்மை, இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கள். அடுத்து மிசோச் சாற்றை முகர்ந்தார். சோயாவைப் புளிக்க வைத்த கூழைக் கரைத்துச் செய்யும் சாறு அது. "மாசி வாசம் அடிக்குதே!" நாம் வியந்துபோனோம். அச்சாற்றுக்கு அடிப்படை, சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்துச் சீவி எடுக்கும் 'கத்சுவோபுஷி'. மாலத்தீவிலும் இலங்கையிலும் நம் தென்கரையிலும் வழங்கும் மாசிக் கருவாடும் அதே சூரையின் உலர்ந்த வடிவந்தான். அதனோடு சேர்க்கும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்த தோக்கியோ பேராசிரியர் கிக்குனாயே இக்கேதா, 1908இல் அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். நூல் எதுவும் படியாமலே ஒரு மீனவரின் மூக்கு அதைக் கண்டுகொண்டது.

பச்சை மீன் பற்றிய பேச்சும் எழுந்தது. தந்தையார் அதைத் தொடவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. பச்சையாக உண்ணும் மீன் எல்லாம் கண்ட மீன் அன்று. ஒட்டுயிர்கள் அழியும்பொருட்டு மைனஸ் 20 டிகிரிக் குளிரில் 7 நாள் வைப்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் முறை. அதைவிட அவரைக் கவர்ந்தது 'இக்கேஜிமே' என்னும் வழக்கம். உயிரோடு பிடித்த மீனின் மூளையில் கூரிய முள்ளைச் செலுத்தி உடனே கொன்று, இரத்தத்தை வடித்துவிடுவர். துடித்துத் துடித்துச் சாகும் மீனின் தசை விரைவில் கெடும். இம்மீனின் தசையோ நெடுநேரம் கெடாது. விலையும் கூடும். பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். "நம்ம படகில் மீன் குவியலாய்க் கிடந்து சாகுது. கரைக்கு வரும்போது ஐஸ் பாதி தண்ணியாயிடுது. பிறகு ஏலக்காரன் குறைச்சுக் கேட்டால் கோபப்படுகிறோம்" என்றார். அன்றைய உரையாடலில் நம் மனத்தில் மிகுதியும் தங்கியது இதுவே.

தாயார் குழம்பு கேட்டார். குழம்பும் இருந்தது! மாவு கலந்த, தடித்த, பழுப்பு நிறக் 'கரே'. மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பானை அடைந்தது அது. நம்மவர் கைப்பக்குவம் பின்னரே அங்குச் சென்றது. ராஷ் பிஹாரி போஸ் வழியாகத் தோக்கியோவின் நாக்கமுராயாவில் 1927இல் இந்தியக் கறி விற்பனைக்கு வந்தது. கேரளத்தவரான ஏ. எம். நாயர் 1949இல் கின்சாப் பகுதியில் சிறிய உணவகம் ஒன்றைத் திறந்தார். ஒரு கவளம் உண்ட தாயாரின் தீர்ப்பு சுருக்கமானது: "இனிக்குது."

தெம்புராவை மட்டும் அவர் இருமுறை கேட்டு வாங்கினார். இறாலையும் கத்தரிக்காயையும் மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்தது. நம் பஜ்ஜியின் உறவு. அப்பெயரில் நம் வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1543இல் ஜப்பானை அடைந்த போர்த்துக்கீசியர், ஆண்டின் நான்கு பருவங்களிலும் வரும் ஒருசந்தி நாட்களில் இறைச்சியை விலக்கி மீனையும் காய்களையும் இவ்வாறு பொரித்து உண்டனர் என்றும், அந்நாட்களின் இலத்தீன் பெயரான 'தெம்போரா'வே பலகாரத்தின் பெயராயிற்று என்றும் ஒரு சாரார் கூறுவர். பக்குவப்படுத்துதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். முதல் விளக்கமே நமக்கு இனிக்கிறது. அதனாலேயே அதைச் சற்று ஐயத்தோடு ஏற்கிறோம்.

முத்துக்குளித்துறையில் உழைத்து, 1545இல் நாகப்பட்டினத்திலும் தங்கிச் சென்ற புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். அவ்வாண்டு நவம்பரில் அங்கிருந்து எழுதிய மடலில், அம்மக்கள் சோறும் கீரையும் சிறிது மீனுமாக அளவோடு உண்பதையும், அவர்களிடையே முதியோர் பலர் நலமாக வாழ்வதையும் குறித்துள்ளார். அந்த முதியோரின் வழித்தோன்றல்களைப் பராமரிக்கத்தான் மண்டபத்தூர்ப் பிள்ளை இன்று மொழி பயில்கிறான்.

இத்தகைய உணவகங்களுக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. சுத்தபோசன நாளில் 'ராமென்' கேட்பவர்கள் சாறு எதில் செய்தது என விசாரித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் பன்றி எலும்பு. 'வசாபி' எனும் பச்சைக் குழம்பைத் துவையல் என்று எண்ணி அள்ளிவிட வேண்டாம். கண்ணும் மூக்கும் தாங்கா. பணமும் சற்றுக் கூடுதலே. மதியச் சாப்பாடு இரவினும் மலிவு.

திரும்பும் வழியில் தாயார் மகனிடம் கேட்டார்: "ஞாயிறு பூசைக்குக் கோயில் இருக்குமாய்யா?" இருக்கிறது, ஜப்பானில் கத்தோலிக்கர் 4 லட்சத்துக்குச் சற்று அதிகம். அயல்நாட்டுத் தொழிலாளர் கூடும் பங்குகளும் பல. தந்தையாரோ வேறொரு கணக்கில் இருந்தார். மாசி கொண்டுபோக வேண்டாம், அங்கேயே கிடைக்கும். புளியும் மிளகாய்ப்பொடியும் மட்டும் கட்டினால் போதும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.