தீனிப்பட்டிக்கு ஏற்ற பொலிகாளை

உழவுக்கும் பாலுக்குமாக மாடு வளர்க்கும் நம் குடியானவர்கள், மாமிசத்திற்காகவே மாடு வளர்க்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டாரின் முறையை அறிவதால் பயன் யாது என வினவலாம். பொலிகாளையைத் தெரிந்தெடுப்பதில் அவர்கள் அடைந்த நஷ்டமும், பின்னர்க் கண்ட வழியும் எல்லா மந்தைகளுக்கும் பொருந்துவனவாம். ஆதலின் அவற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

தீனிப்பட்டியின் தன்மை

அந்நாட்டில் கன்றுகள் தாயுடன் மேய்ந்து, ஆறு ஏழு மாதத்தில் பால் மறக்கடிக்கப்படுகின்றன. சிலகாலம் மேய்ச்சலில் வளர்ந்தபின் தீனிப்பட்டி என்னும் அடைப்புக்குள் விடப்பட்டு, ஐந்து ஆறு மாதம் மக்காச்சோளம் முதலிய தீனியைத் தின்கின்றன. அப்போது நாளொன்றுக்கு 3 முதல் 4 ராத்தல் வரை எடை கூடும். ஒரு ராத்தல் எடை ஏறுவதற்கு ஏறக்குறைய 6 அல்லது 7 ராத்தல் உலர்ந்த தீனி செல்லும். ஆகவே குறைந்த தீனியில் விரைந்து வளரும் மாடே லாபம் தரும்.

வெட்டியபின் 12-ஆவது, 13-ஆவது விலா எலும்புகளுக்கிடையே அறுத்து, அங்குள்ள தசையின் பரப்பையும், தசையினூடே நரம்புபோல் ஓடும் கொழுப்பையும் பார்க்கிறார்கள். அக்கொழுப்பு மிகுந்தால் தரம் உயரும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மிகுந்தாலோ வீணேயாம். அரசாங்கத்தார் இவ்வாறு தரம் பிரித்து முத்திரையிடும் வழக்கம் 1927-இல் தொடங்கியது.

கண்ணால் மட்டும் தெரிந்தெடுத்ததன் விளைவு

1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மாட்டுக் கண்காட்சிகளில் கால் குட்டையாயும் உடல் திரண்டுமுள்ள காளைகளே பரிசு பெற்றன. அவற்றின் சந்ததியையே பலரும் நாடினர். சில ஆண்டுகளில் ஹெரிபோர்டு மந்தைகளில் மூச்சுத் திணறும் குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. இக்குறை மறைந்து நிற்கும் இயல்பினது. குறையைத் தாங்கும் காளையும் பசுவும் பார்வைக்கு நல்லனவே. ஆயினும் அவை சேர்ந்தால் நான்கு கன்றுகளில் ஒன்று குள்ளமாகும் என்பது கணக்கு. குறை தாங்கிய காளைகள் சற்றே குட்டையாயிருந்தமையால் பரிசும் அவற்றையே சார்ந்தது. ஒரு குள்ளக் கன்று பிறந்ததும் அம்மந்தையின் காளைகள் விலைபோகாமற் போயின.

நிறுத்து எழுதிய முறை

அக்காலத்திலேயே மான்டானா மாகாணத்து மைல்ஸ் சிட்டி அரசாங்கப் பண்ணையார் வேறு வழியிற் சென்றனர். 1934-இல் ஓர் ஹெரிபோர்டு வம்சத்தைத் தொடங்கி, கன்றுகளை நிறுத்து, வளர்ச்சியைக் கணக்கில் எழுதி, அதன்படியே காளைகளைத் தெரிந்தனர். பட்டியில் எடை கூடும் வேகம் பெருமளவு தாய் தந்தையரிடமிருந்து வருவது என 1946-இல் அப்பண்ணைக் கணக்குகளைக்கொண்டு காட்டப்பட்டது. இந்நாளைய கணக்குப்படி, பட்டி வளர்ச்சியிலும் மாமிசத் தரத்திலும் மாட்டுக்கு மாடு காணும் வித்தியாசத்தில் நூற்றுக்கு 40 பங்குபோல் பரம்பரையால் வருவது. சினை பிடிக்கும் சக்தியிலோ 10 பங்குதான்.

ஓர் உதாரணம் காண்க. ஒரு காளை தன் ஈட்டுக் காளைகளைவிட நாளொன்றுக்கு அரை ராத்தல் மிகுதியாக வளர்ந்தது என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு 40 பங்கு, அதாவது 0.2 ராத்தல், பரம்பரையால் வந்தது. கன்றுக்குக் காளை பாதியே கொடுப்பதால் 0.1 ராத்தல் சேரும். 150 நாளில் ஒரு கன்றுக்கு 15 ராத்தல். 30 கன்றுகளுக்கு 450 ராத்தல்.

எச்சரிக்கை

ஒரு குணத்தை மட்டும் நாடுதல் கூடாது. விரைவாய் வளரும் வம்சத்தில் பிறக்கும்போதே கன்று பெருத்திருந்து, கிடாரிகள் ஈனுகையில் இடர்ப்படும். பெரிய பசுவுக்கு ஆண்டு முழுவதும் தீனியும் அதிகம்.

நம் ஓங்கோல் மாடுகள் கடல் கடந்து, பிரேசில் நாட்டில் நெல்லூரின் பெயராலேயே வழங்கப்பட்டு, அந்நாட்டு மாமிச மந்தைகளில் பெரும்பகுதியாய் விளங்குகின்றன. குஜராத்து மாடுகளோடு அவையும் கலந்ததே அமெரிக்கப் பிராமன் ஜாதி. வெயிலையும் உண்ணியையும் தாங்குவதில் இவை சிறந்தன. ஆயினும் இவ்விரத்தம் மிகுந்தால் மாமிசத்தின் மென்மை குறைகிறது. எல்லா நன்மையும் ஒரே ஜாதியில் அமைவதில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

1. காளையின் அழகை மட்டும் பாராமல், அதன் தாய், உடன்பிறப்பு, கன்றுகள் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

2. கன்று பிறந்த தேதி, தாய், தந்தை, வளர்ச்சி ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். தராசு இல்லாவிடில் மார்புச் சுற்றளவை நாடாவால் அளக்கலாம்.

3. ஒரே வயதும் ஒரே தீனியும் உள்ள கன்றுகளையே ஒப்பிட வேண்டும். இன்றேல் தீனியின் பயனை இரத்தத்தின் பயன் என மயங்க நேரும்.

4. ஊனக் கன்று பிறந்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இக்காலத்தில் பல பரம்பரைக் குறைகளை ரோமத்தையோ இரத்தத்தையோ சோதித்தறியலாம்.

5. தரங்குறைந்த காளைக் கன்றுகளைப் பருவத்தே காயடிக்குமாறு கிராம அதிகாரிகள் குடிகளைத் தூண்ட வேண்டும்.

ஒரு பசுவின் குறை ஆண்டுக்கு ஒரு கன்றோடு நிற்கும். ஒரு காளையின் குறையோ ஊர் மந்தை முழுவதிலும் பரவும். ஆதலின் காளை வாங்குமுன் கணக்கைக் கேட்டு வாங்குக.