ஐம்பது பைட் இடம்

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஓடுவது கல்லணைக் கால்வாய். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்பே இருந்த ஓடை ஒன்று குறுக்கே வந்து, கால்வாய்க்கு அடியில் கீழ்க்குமிழி வழியாக அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு தண்ணீரும் கலக்காது. நான் பார்க்கும் நெட்வொர்க் வேலையிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. பெயர் டனல்.

ஒரே கேபிளில் பல நிறுவனங்களின் தகவல் ஓடும், கலந்துவிடக் கூடாது. பழைய விலேன் முறையில் 4,094 பிரிவுகள்தான் முடியும். சர்வரை வாடகைக்கு விடும் கிளவுட் தொழிலுக்கு அது எப்படிப் போதும்? 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348 என்ற ஆவணமாக வெளியான விஎக்ஸ்லேன் என்ற டனல் முறை, சுமார் 1 கோடியே 67 லட்சம் பிரிவுகளுக்கு இடம் கொடுத்தது. ஒரு பாக்கெட்டை அப்படியே இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே வேறு முகவரி எழுதி அனுப்பும். நடுவழி ரவுட்டருக்கு மேல்முகவரி போதும். மறுமுனையில் உறையைப் பிரித்தால் உள்ளே இருந்தது சேதமில்லாமல் வந்து நிற்கும். அருமையான ஏற்பாடு.

ஆனால் அந்த உறைக்கு 50 பைட் வேண்டும்.

தஞ்சாவூர் அலுவலகம் ஒன்றின் சர்வரைச் சென்னைக்கு மாற்றி, இரண்டு ஊரையும் விஎக்ஸ்லேனில் இணைத்தோம். மறுநாளே போன். "லாகின் ஆகுது சார், ஸ்கேன் பண்ண பட்டா மட்டும் ஏற மாட்டேங்குது." தை மாதம், வெளியே விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்கள். லைன் சரியில்லை என்றே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், துண்டாக்காதே என்ற குறிப்போடு பிங் என்ற சோதனைப் பாக்கெட்டை அனுப்பி அளவை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 1,422 போனது. 1,423 போகவில்லை. பிங்கின் சொந்தத் தலைப்பையும் சேர்த்தால் அது 1,450.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கீழ்க்குமிழியில் மட்டையும் சருகும் போய்விட்டன. வேரோடு சாய்ந்த தென்னை வாயில் சிக்கிக்கொண்டது. இங்கேயும் அதுதான். லாகின் பாக்கெட் சின்னது. பட்டா நகலோ 1,500 பைட் நிரம்பிய பாக்கெட்டுகளாகப் புறப்பட்டது. உறை சேர்ந்ததும் 1,550. லைனின் வாய் 1,500 மட்டுமே. அன்று மாலை கம்ப்யூட்டர்கள் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவை, அதாவது எம்டியுவை, 1,450-க்குக் குறைத்தோம், பட்டா ஏறியது. பிறகு லைனையே 1,600-க்கு அகலப்படுத்தினோம்.

விபிஎன்-உம் இப்படி உறை போடுவதுதான். வீட்டிலிருந்து அதில் வேலை செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். உள்ளே நுழைய முடிந்து, பெரிய கோப்பு மட்டும் நின்றுவிட்டால், "எம்டியு அளவைப் பாருங்கள்" என்று உங்கள் நெட்வொர்க் ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.