ஒரு வகுப்பறைக்கு நூறு லிட்டர் டீசல்: தீவுப் பள்ளிகளில் மின் சிக்கனம் ஏன் அவசியம்?

சாத்தம் (அந்தமான்): 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகருடன் பாலத்தால் இணைக்கப்பட்ட சிறிய தீவு சாத்தம். 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலையால் புகழ்பெற்ற இத்தீவில், மின்துறையின் டீசல் மின்நிலையம் ஒன்றும் இயங்குகிறது. அந்தமானின் மின்சாரத்தைப் புரிந்துகொள்ள அந்த மின்நிலையத்திலிருந்தே தொடங்க வேண்டும். இங்குள்ள அரசுப் பள்ளியில் ஆளில்லாத வகுப்பறையில் மின்விசிறி சுழலுமானால், அதற்காக எங்கோ ஓரிடத்தில் டீசல் எரிந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள்.

கடல் கடந்து வரும் மின்சாரம்

தமிழகத்தில் ஒரு மாவட்டத்தில் மின் உற்பத்தி குறைந்தால், தேசிய மின் தொகுப்பின் வழியாக வேறொரு மாநிலத்திலிருந்து மின்சாரம் பெற முடியும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அந்த வசதி இல்லை. சென்னையிலிருந்து இணையச் சேவைக்கான கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் மின்சாரத்தைக் கொண்டுவரும் வடம் எதுவும் இல்லை. தீவுகளின் தேவைக்கான மின்சாரம் தீவுகளிலேயே உற்பத்தி செய்யப்பட வேண்டும். அதில் பெரும்பங்கு டீசல் எந்திரங்களிலிருந்தே கிடைக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுகளுக்கு அந்த டீசல் கப்பலில் வந்து சேர வேண்டும்.

இதனால் ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்ய ஆகும் செலவு, நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தைவிட மிக அதிகம். இடைப்பட்ட தொகையை அரசே ஏற்கிறது. கட்டணச் சீட்டில் தெரிவது உண்மைச் செலவின் ஒரு பகுதி மட்டுமே.

சூரிய மின்சாரமும் இங்கு வளர்ந்து வருகிறது. கராச்சராமாவில் தேசிய அனல்மின் கழகம் 5 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையத்தை அமைத்தது. பின்னர் என்.எல்.சி. இந்தியா நிறுவனம், மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கல அமைப்புடன் 20 மெகாவாட் திறனை ஏற்படுத்தியது. எனினும், மே மாதம் முதல் பல மாதங்கள் மழை மேகம் சூழ்ந்திருக்கும் பகுதி இது. சூரிய ஒளியால் கிடைப்பது போக எஞ்சிய தேவையை டீசல் எந்திரங்களே ஈடுசெய்கின்றன. ஆகவே ஒரு யூனிட் தேவை குறையும்போது பெரும்பாலும் குறைவது டீசலே.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு லிட்டர் டீசலிலிருந்து சுமார் மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் கிடைக்கும். இதை மனத்தில் கொண்டு, வழக்கமான ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம்.

அதில் நான்கு மின்விசிறிகளும் நான்கு குழல் விளக்குகளும் உள்ளன. பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் தேவை. பழைய குழல் விளக்கு 36 வாட் எனக் குறிக்கப்பட்டிருந்தாலும், அதன் செப்புச் சுருள் சோக் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும் சேர்த்தால் சுமார் 50 வாட் ஆகிவிடும். மொத்தம் 500 வாட்.

இவற்றுக்குப் பதிலாக 30 வாட் அளவில் இயங்கும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறிகளையும் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகளையும் பொருத்தினால், அதே காற்றும் அதே வெளிச்சமும் 200 வாட்டில் கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 6 மணி நேரம் இயங்கினால் 1.8 யூனிட் மிச்சமாகும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்களை வரையறுக்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 396 யூனிட் மிச்சம். லிட்டருக்கு நான்கு யூனிட் என்று கொண்டாலும், ஒரே ஒரு வகுப்பறையால் ஏறத்தாழ 100 லிட்டர் டீசல் சேமிக்கப்படும்.

பத்து வகுப்பறைகள் உள்ள பள்ளியில் இது ஆயிரம் லிட்டர். அதாவது 200 லிட்டர் கொள்ளளவுள்ள ஐந்து பீப்பாய்கள். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த வகையில் ஆண்டுக்கு 2.7 டன் கரியமில வாயு காற்றில் கலப்பதும் தவிர்க்கப்படும்.

சிக்கனம் என்பது புழுக்கத்தில் அமர்வதன்று

மின் சிக்கனம் என்றவுடன் மின்விசிறியை நிறுத்திவிடுவது என்று பொருள்கொள்வது தவறு. கடற்காற்றின் ஈரப்பதத்தால் எப்போதும் புழுக்கம் நிலவும் தீவில், வியர்வையில் நனைந்த மாணவரால் பாடத்தில் கவனம் செலுத்த இயலாது. குறைக்க வேண்டியது வசதியை அன்று, வீணாவதை மட்டுமே.

வீணாகும் இடங்கள் பல. பழைய பெட்டி வடிவ ரெகுலேட்டரில் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால், மின்சாரத்தின் ஒரு பகுதி ரெகுலேட்டரிலேயே வெப்பமாகிப் போகும். மின்னணு ரெகுலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு. தூசி படிந்த விளக்கு மங்கலாக எரிந்தாலும் அதே அளவு மின்சாரத்தையே எடுக்கும். கணினி அறையில் குளிரூட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. ஒழுகும் குழாயும் மின் இழப்பே. வீணாகும் ஒவ்வொரு குடம் நீரும் மோட்டாரால் மேலே ஏற்றப்பட்டதுதான்.

அந்தமானுக்கு இயற்கை அளித்துள்ள சலுகை ஒன்றும் உண்டு. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை அடிப்படையாகக் கொண்டது. இந்நகரமோ அதற்குப் பத்து டிகிரி கிழக்கே உள்ளது. எனவே கடிகாரம் காட்டும் நேரத்தைவிட இங்குச் சூரியன் சுமார் 40 நிமிடங்கள் முன்னதாகவே செல்கிறது. காலையில் பள்ளி தொடங்கும்போதே நல்ல வெளிச்சம் பரவியிருக்கும். சன்னல்களை மறைக்கும் அலமாரிகளை நகர்த்தி, கூரையின் உட்புறத்துக்கு வெள்ளை பூசினால், மழையில்லாத நாட்களில் விளக்கின் தேவையே பெரிதும் குறையும்.

அளந்து பார்ப்பவர் யார்?

கருவிகளை மாற்றுவது எளிது. பழக்கத்தை நிலைநிறுத்துவதே கடினம். இதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. பொதுவாக அரசுப் பள்ளிகளின் மின்கட்டணத்தைத் துறையே செலுத்துகிறது. எவ்வளவு செலவானது என்பது வகுப்பறையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. மிச்சம் பிடித்தாலும் அதன் பயன் பள்ளிக்கு வருவதில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் இந்தச் சிக்கலுக்கு 1994-ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்வு கண்டது. ‘ஐம்பதுக்கு ஐம்பது’ எனப்படும் அத்திட்டத்தில், பழக்க மாற்றத்தால் பள்ளி மிச்சப்படுத்தும் தொகையில் பாதி அப்பள்ளிக்கே வழங்கப்பட்டது; மீதி நகர நிர்வாகத்துக்கு. பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளும் இந்த முறையைப் பின்பற்றின.

கட்டணத்தைவிட உற்பத்திச் செலவு அதிகமாக உள்ள தீவுகளில் இந்த ஏற்பாடு இன்னும் பொருத்தமானது. இங்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் கட்டணத்தோடு சேர்த்து அரசின் மானியச் சுமையையும் குறைக்கிறது. அதில் ஒரு பங்கு நூலகத்துக்கோ குடிநீர் வசதிக்கோ திரும்பி வருமானால், சிக்கனம் மாணவர்களுக்கும் சொந்தமாகும்.

அதற்கு முன்பாகவே எந்தச் செலவும் இன்றித் தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. வாரந்தோறும் இரு மாணவர்கள் மின்மானியின் அளவைக் குறித்து, அறிவிப்புப் பலகையில் எழுதலாம். கடந்த வாரத்துடன் ஒப்பிடுவது கணக்குப் பாடமாகும். அளவு ஏன் கூடியது என்று தேடுவது அறிவியல் பாடமாகும். விடுமுறை நாளிலும் மின்மானி ஓடியிருந்தால், எந்த அறையில் எது அணைக்கப்படவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவர்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று எடுக்கும் உறுதிமொழி மறுநாளும் நினைவில் நிற்க வேண்டுமானால், மின்மானியில் ஓடும் எண்ணுக்கும் துறைமுகத்தில் இறங்கும் டீசலுக்கும் உள்ள தொடர்பு மாணவருக்குப் புரிய வேண்டும். டீசல் மின்நிலையம் கண்ணெதிரே இருக்கும் சாத்தத்தில் அதை விளக்குவது கடினமன்று.