ட்ரோன் வாங்குமுன் வரைபடம் பாருங்கள்

"அண்ணா, எந்த ட்ரோன் வாங்கலாம்?" பகுதிநேர வேலையில் நான்கைந்து நூறு வெள்ளி சேர்த்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது: "எங்கே பறக்கவிடப் போகிறீர்கள்?" நான் வசிப்பது பாசிர் ரிஸ். கடற்கரை, சதுப்புநிலக் காடு, படகுகள் என்று படமெடுக்க எல்லாம் உண்டு. ஆனாலும் இந்த வட்டாரத்துக்காரர் முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, வரைபடத்தை.

250 கிராம் கணக்கு

கடைகளில் "249 கிராம்" என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். இது தற்செயலன்று. 2015இல் அமெரிக்காவில் பதிவு விதிகளை வகுத்தபோது, மேலிருந்து விழும் ட்ரோன் ஒருவர் தலையில் பட்டால் எந்த எடையிலிருந்து உயிராபத்து என்று கணக்கிட்டு 250 கிராமை எல்லையாக வைத்தார்கள். பல நாடுகள் அதே எண்ணைப் பின்பற்றின. 2019இல் டிஜேஐ நிறுவனம் வெளியிட்ட மேவிக் மினியின் எடை 249 கிராம். அக்காலத்தில் ஜப்பானில் எல்லை 200 கிராமாக இருந்ததால், சிறிய மின்கலத்துடன் 199 கிராமில் தனி வடிவமே விற்றார்கள்!

சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களைப் பதிவு செய்யும் திட்டம் 2020இல் தொடங்கியது. பதிவு செய்பவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். 2025 டிசம்பர் முதல், அத்தகைய ட்ரோன்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானலையில் அறிவிக்கும் வசதியையும் கொண்டிருக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பு வளையத்தையோ பெரிய மின்கலத்தையோ பொருத்தினால் எடை எல்லையைத் தாண்டிவிடும்.

எடை குறைந்தாலும் வானம் ஒன்றே

பலர் இடறுவது இங்கேதான். 250 கிராமுக்குக் குறைவென்றால் பதிவு தேவையில்லை, அவ்வளவே. எங்கே பறக்கலாம் என்ற விதி எல்லா எடைக்கும் பொது. விமான நிலையம் அல்லது ஆகாயப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு (ஏறக்குறைய 60 மீட்டர்) மேலே செல்லவும் அனுமதி வேண்டும். அறுபது மீட்டர் என்பது சுமார் இருபது மாடி உயரம். ஆனால் கணக்கு கடல் மட்டத்திலிருந்துதான், நீங்கள் நிற்கும் தரையிலிருந்து அல்ல. குன்றின் மேல் நின்றால் மிச்சமிருக்கும் உயரம் குறையும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பாசிர் ரிஸ்ஸுக்குக் கிழக்கே சாங்கி, மேற்கே பாய லேபார். இரண்டின் 5 கிலோமீட்டர் வட்டங்களும் எங்கள் நகர மையத்தின் மேல் விழுகின்றன. சிலேத்தார், செம்பவாங், தெங்கா ஆகியவற்றின் வட்டங்களையும் வரைந்தால் தீவில் எஞ்சும் இடம் எவ்வளவு குறைவு என்பது புரியும். அனுமதியின்றிப் பறக்கவிட்டால் முதல் குற்றத்திற்கே 50,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. 2019 ஜூன் 18 இரவு முதல் மறுநாள் காலை வரை, சாங்கிக்கு அருகே அனுமதியின்றிப் பறந்த ட்ரோன்களால் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. அதே மாதம் 24ஆம் தேதி ட்ரோன்களும் மோசமான வானிலையும் சேர்ந்து 18 சேவைகளைத் தாமதப்படுத்தின; 7 விமானங்கள் திசைதிருப்பப்பட்டன. அவற்றில் ஊரிலிருந்து வரும் நம் அம்மாவோ அப்பாவோ கூட இருந்திருக்கலாம் அல்லவா?

தேர்வும் பறத்தலும்

வரைபடம் பார்த்து இடத்தை முடிவு செய்த பிறகு கருவிக்கு வருவோம். கேமராவை மூன்று அச்சுகளில் நிலைநிறுத்தும் கிம்பல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் காற்றில் படம் ஆடும். மென்பொருள் மட்டும் செய்யும் திருத்தம் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். அடுத்து ஒளி உணரியின் அளவு. 1/1.3 அங்குல உணரியின் பரப்பு 1/2.3 அங்குல உணரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாலை மங்கலில் வித்தியாசம் தெரியும். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் 20 நிமிடத்தில் இறக்கத் தயாராகுங்கள். மிச்சம் காற்றுக்கான சேமிப்பு.

கடலோரத்தில் தரையில் தென்றலாக இருப்பது 40 மீட்டர் உயரத்தில் பலத்த காற்றாக இருக்கும். எனவே, போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், மின்கலம் குறைந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் திடீர்ச் சூறைக்காற்று அதிகாலையிலும் காலையிலும் வரக்கூடும். மேற்கு வானம் கறுத்தால் அன்று வேண்டாம். சாக்கடை இரும்பு மூடியின் மேலிருந்தோ காரின் பக்கத்திலிருந்தோ கிளப்பாதீர்கள், திசைகாட்டி குழம்பும். தொடர்பு அறுந்தால் தானே திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கு மேலேயும் 60 மீட்டருக்குக் கீழேயும் வையுங்கள். ட்ரோன் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்கட்டும்.

தீபாவளிக்கு ஊருக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்தியா 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆய்வு, தற்காப்பு, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. கிராமத்துக் கோயில் தேரை மேலிருந்து படமெடுக்கும் ஆசையில் ட்ரோனைச் சென்னைக்குக் கொண்டுபோனால் சுங்கத்திலேயே இழக்க நேரலாம். வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனால் உபரி மின்கலங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் 'ஒன்மேப்' வரைபடத்தில் தடைப் பகுதிகளைப் பாருங்கள். வீட்டருகே தடை என்றால், ரயிலேறி வேறிடம் போவீர்களா, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்களா என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், கடைக்குப் போகலாம்.