மருத்துவர்களும் மதிப்புப் பட்டங்களும்

மருத்துவர்கள் தங்கள் பெயருக்கு முன்னும் பின்னும் இட்டுக்கொள்ளும் பட்டங்களில் மூன்று வகை உண்டு. படித்துத் தேர்வெழுதிப் பெறுபவை, சங்கங்கள் வழங்கும் உறுப்பினர் தகுதிகள், பாராட்டாக அளிக்கப்படும் விருதுகள். இவை மூன்றும் ஒரே வரிசையில் எழுதப்படும்போது, எது கல்வி, எது மரியாதை என்பது நோயாளிக்குத் தெரியாமல் போகிறது. பட்ட மோகத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

'டாக்டர்' என்னும் சொல்

கற்பித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். முதலில் பல்கலைக்கழக ஆசிரியரையே அது குறித்தது. இன்றைய எம்.பி.பி.எஸ். ஓர் இளநிலைப் பட்டமே. எனவே அதை முடித்தவரை 'டாக்டர்' என்பது வழக்கத்தால் வந்த மரியாதை. தமிழில் இக்குழப்பம் குறைவு. நோய் தீர்ப்பவர் மருத்துவர், ஆய்வுப் பட்டம் பெற்றவர் முனைவர், மதிப்புக்காக அப்பட்டம் பெற்றவர் மதிப்புறு முனைவர் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன.

பிரிட்டனின் 'மிஸ்டர்'

1518இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அரச மருத்துவர் கல்லூரியைச் சேர்ந்தோர் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அறுவை செய்வோரோ குருவிடம் இருந்து தொழில் பழகியவர்கள். 1540இல் அவர்கள் நாவிதர்களுடன் ஒரே குழுமமாக இணைக்கப்பட்டனர், 1745இல் பிரிந்தனர். பட்டம் இல்லாததால் 'மிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டனர். பிற்காலத்தில் அவர்களுக்கும் மருத்துவப் பட்டம் கட்டாயமானது. ஆனாலும் பழைய அழைப்பை அவர்கள் விடவில்லை. இன்றும் அங்கே அறுவை மருத்துவத் தேர்வில் தேறியவர் 'டாக்டரை' விட்டுவிட்டு 'மிஸ்டர்' ஆவது வழக்கம். ஒரு காலத்தில் தாழ்வாகக் கருதப்பட்ட அழைப்பே பெருமைக்குரியதாகிவிட்டது. பட்டத்தின் மதிப்பு அதன் எழுத்துகளில் இல்லை, சமூகம் அதற்குத் தரும் இடத்தில் உள்ளது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியச் சட்டங்கள்

- தவறான மருத்துவப் பட்டத்தைப் பெயரோடு சேர்ப்பது 1916ஆம் ஆண்டின் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டப்படி குற்றம்.
- 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.
- 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள், ஏற்கப்பட்ட பட்டங்களையும் தொழில்சார் அறிவையோ சாதனையையோ காட்டும் தகுதிகளையும் மட்டுமே பெயருக்குப் பின் எழுத அனுமதிக்கின்றன. அளவுக்கு மீறிய பெரிய பெயர்ப்பலகை கூடாது என்றும் அவை கூறுகின்றன.
- பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது.

மோகத்தின் விளைவு

தகுதியான பாராட்டு தவறன்று. முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956இல் பத்மபூசண் வழங்கப்பட்டது. ஆனால் அவர் நினைக்கப்படுவது அதற்காக அன்று. 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற பணிகளுக்காகவே. செய்த வேலைக்குப் பின்னால் விருது வருவது ஒன்று. விருதைக் காட்டி நோயாளியை வரவழைப்பது வேறு.

சந்தா கட்டிப் பெற்ற உறுப்பினர் எழுத்துகளையும் பல ஆண்டுப் பயிற்சியால் பெற்ற முதுநிலைப் பட்டத்தையும் பெயர்ப்பலகை சமமாகவே காட்டும். எழுத்துகளின் நீளத்தைப் பார்த்து நம்புபவர், தமக்குத் தேவையான சிறப்புப் பயிற்சி இல்லாதவரிடம் போய்ச் சேரக்கூடும். அந்த ஏமாற்றத்தின் விலை பணமாக மட்டும் இருப்பதில்லை, சில வேளை உடல்நலமாகவும் இருக்கும்.

சரிபார்க்கும் வழி

மருத்துவர் தமது பதிவு எண்ணை மருத்துவமனையிலும் மருந்துச் சீட்டிலும் கட்டணச் சீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் கொண்டு மாநில மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அவருடைய உண்மையான தகுதியை அறியலாம். பெயருக்குப் பின்னுள்ள நீண்ட வரிசையைவிட நோயாளிக்குப் பயன்படுவது அந்த ஓர் எண்ணே.