தந்தை விட்ட படிப்பை மகள் முடித்தார்!

படிக்க ஆசை இருந்தது, பணம் இல்லை! அமெரிக்காவில் ஐவன் டாலி என்ற கறுப்பர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்து வந்தார். பணம் இல்லாததால் படிப்பைப் பாதியில் விட்டார். தபால் குமாஸ்தா ஆனார்.

அவருடைய மகள் மேரி. தந்தையின் ஆசையை அவர் நிறைவேற்றினார். 1947-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ரசாயனத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே! கொலஸ்டிராலும் ரத்தக் கொதிப்பும் ரத்தக் குழாய்களை எப்படிக் கெடுக்கின்றன என்று ஆராய்ந்தார்.

அதோடு அவர் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் மருத்துவமும் ஆராய்ச்சியும் படிக்கப் பாடுபட்டார். 1988-ல், தாம் படித்த குவீன்ஸ் கல்லூரியில் அவர்களுக்கு உதவிநிதி ஏற்படுத்தினார். யார் நினைவாகத் தெரியுமா? படிப்பைப் பாதியில் விட்ட தந்தையின் நினைவாக!